சுண்ணாம்புப் புள்ளி வைத்த அன்னாசி

அன்னாசிப் பழத்தின் தோலில் சுண்ணாம்பு எப்படிக் காயும் என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். வைத்தவுடன் ஈரமாக, லேசாக நீலம் ஓடிய வெண்மையாக இருக்கும். சிறிது நேரத்தில் ஓரங்கள் வெடிக்கும். பிறகு ஊதினால் பறந்துவிடுகிற மாவாகிவிடும். அதற்குள் எண்ணி முடித்துவிட வேண்டும். அக்கா இடது கையால் பழத்தை உருட்டிக்கொண்டே, வலது கைச் சுண்டுவிரலால் வரிசைக்கு ஒரு கண்ணில் புள்ளி வைத்துக்கொண்டு போவாள். நான் எதிரே குந்தியிருந்து எண்ணுவேன். என் எண்ணிக்கை அவள் விரலுக்கு முன்னால் ஓடும். "டேய், நான் இன்னும் அங்க போகல. நீ எங்கடா போற?" என்பாள். இப்போது அக்கா இந்த வீட்டில் இல்லை. சந்தையில் அன்னாசியைக் கையிலெடுத்தால் என் சுண்டுவிரல் மட்டும் தானாக நிமிர்ந்துகொள்கிறது. கடைக்காரர், "வாங்கப் போறியா, இல்ல சாமி கும்பிடப் போறியா?" என்று சத்தம் போடுகிறார்.

தொடக்கம் என்னுடையதுதான். பள்ளிக்கூடத்து வாசிப்பறையில் அட்டை கிழிந்த ஆங்கில மாத இதழ் ஒன்று கிடந்தது. அன்னாசிப் பழத்தின் கண்கள் தாறுமாறாகப் பதிந்தவை அல்ல, ஒரு பக்கமாகச் சாய்ந்து ஏறும் வரிசைகள் எட்டு, மறுபக்கமாகச் சாய்ந்து ஏறும் வரிசைகள் பதிமூன்று என்று அதில் இருந்தது. நான் எந்தச் செய்தியையும் நடந்து வந்து சொன்னவன் அல்லன். மலாக்காவின் காஜா பெராங் சாலை முழுவதும் ஓடிவந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படியில் நின்று சொன்னேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, "யாரு எண்ணுனா? நீ எண்ணுனியா?" என்றாள். எனக்கு அச்சில் வந்திருந்தால் போதும். அவளுக்குப் போதாது. எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாடு அவ்வளவுதான். மற்றபடி, இருந்த இடத்தில் இருக்கமாட்டாத இரண்டு பிள்ளைகளைப் பெற்றதாக அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அலுத்துக்கொள்வார்.

அன்றே எண்ண உட்கார்ந்தோம். எண்ணுவது எளிதில்லை என்பது உடனே தெரிந்தது. விரல் ஒரு வரிசையைப் பிடித்து ஏறும். பழத்தைத் திருப்பியதும் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துபோகும். அக்காதான் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்தாள். வலப்பக்கம் ஏறும் வரிசை ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி. இடப்பக்கம் ஏறுபவற்றுக்கு வேறு நிறம் வேண்டுமே என்று சாமி மாடத்திலிருந்து குங்குமம் வந்தது. எட்டு வெள்ளை. பதிமூன்று சிவப்பு. அக்கா பழத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல், வீட்டில் இருந்த இன்னொரு பழத்தைக் கேட்டாள். அதிலும் அதுவே. செங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மாட்டுவண்டியில் வரும் அன்னாசிகள் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அறுபடும் முன் பொட்டு வைத்துக்கொண்டன.

அழகானதைக் கண்டால் மனம் அடங்கும் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு நேர்மாறாக நடந்தது. இருந்த கொஞ்ச நிம்மதியும் போயிற்று. பெலிம்பிங் பழத்தைக் குறுக்கே அறுத்தால் ஐந்து முனை நட்சத்திரம். செம்பருத்திக்கு ஐந்து இதழ். வாழைப்பழத்தின் நடுவே மூன்று கோடு. எதற்காக? யார் சொல்லிவைத்தது? பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகும் வழியில் தென்னைகளின் மட்டைகள் சில மரங்களில் வலமாகச் சுற்றி ஏறுகின்றன, சிலவற்றில் இடமாக. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மரங்கள், ஒரே மண், ஒரே மழை, ஆனால் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றுகின்றன. அக்கா சைக்கிளிலிருந்து இறங்கி மரத்தைச் சுற்றிவருவாள். தோட்டத்துக்காரர், பெண் பிள்ளைக்கு ஏதோ வந்துவிட்டது என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பார். மங்குஸ்தான் ஒன்றுதான் எங்களுக்குப் பிடிகொடுக்கவில்லை. அதன் அடியில் இருக்கும் பூவின் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று இந்த ஊரில் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் ஒரு பழத்தில் ஐந்து, அடுத்ததில் ஏழு, அதற்கடுத்ததில் ஆறு. உண்மை பேசும், ஆனால் ஒரு சொல்லில் நிற்காது. "இவன் உன்ன மாதிரிடா" என்பாள் அக்கா.

இந்த விளையாட்டுக்கெல்லாம் அடியில் ஒரு கவலை இருந்தது. அக்கா படித்து, தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தாள். பெண் கேட்டு வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்றார்கள். அல்லது இவ்வளவு படித்த பெண் நமக்கெதற்கு என்று வாசலோடு திரும்பினார்கள். நாளாக ஆக வருகிறவர்கள் குறைந்தார்கள். அந்த நிலையில்தான் பினாங்கிலிருந்து ஒரு வரன் வந்தது. தந்தி அலுவலகத்தில் வேலை. தாய் தகப்பன் இல்லை, பெரியம்மா வளர்த்த பிள்ளை. மனைவி வேலைக்குப் போவதில் தடையில்லை, பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது என்று அவரே சொல்லியனுப்பியிருந்தார். அக்கா என்னிடம் அதிகம் பேசவில்லை. "அங்க மலை இருக்காம்டா. மேல போனா வேற செடியாம், வேற பூவாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் எதற்காவது இப்படி ஆசைப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. ஆசையை வெளியில் காட்டாதிருக்க, வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தாள்.

பெண் பார்க்க வந்த அன்று காலையிலிருந்தே வீடு கால் ஓரிடத்தில் பாவாமல் கிடந்தது. புக்கிட் பாருவில் உறவினர் வீட்டில் தங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் வந்தார்கள். பார்த்து முடித்ததும் அதே காரில் ரயிலுக்குப் போவதாக ஏற்பாடு. ஒற்றைப்படையாகத் தட்டுகள் வந்து இறங்கின: வெற்றிலை பாக்கு, பூ, வாழைப்பழம், சந்தையில் வாங்கிய அன்னாசிகள். உதவிக்குப் பக்கத்து வீட்டு மக்சிக் வந்திருந்தார். மக்சிக் என்றால் மலாயில் அத்தை. அவர், தலைமுறை தலைமுறையாக மலாக்காவில் வாழ்ந்து மலாய் பேசுகிறவர்களாகிவிட்ட செட்டி வீட்டுப் பெண்மணி. சாரோங்கும் கெபாயாச் சட்டையும் அணிந்து, மாரியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போகிறவர். தமிழ் பேச வராது. ஆனால் அம்மா செய்வதையெல்லாம் உன்னிப்பாகக் கவனிப்பார். இந்த இலையை ஏன் இப்படிப் போடுகிறீர்கள், அந்தக் குங்குமத்தை எந்த விரலால் வைக்கிறீர்கள் என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வார். முறை தவறிவிடக்கூடாது என்பதில் எங்களைவிட அவருக்குத்தான் பயம் அதிகம்.

அக்காவுக்குப் பட்டுப்புடவை கட்டி, பூ வைத்து, அடுப்படியை ஒட்டிய அறையில் உட்கார்த்தி, "கூப்பிடுற வரைக்கும் ஆடாம அசையாம இரு" என்று சொல்லிவிட்டு அம்மா போனார். அக்காவிடம் சொல்லக்கூடாத சொல் அது. முதலில் வளையலை உருட்டினாள். பிறகு புடவைக் கரையின் கட்டங்களை எண்ணினாள். பிறகு எட்டிக் கை நீட்டி, எங்கள் வீட்டுக்கு வாங்கியிருந்த ஓர் அன்னாசியை எடுத்தாள். வெற்றிலைத் தட்டும் குங்குமச் சிமிழும் பக்கத்திலேயே இருந்தன. "வேணாம்க்கா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும்தான். "ஒண்ணு" என்று எண்ணத் தொடங்கினேன். வெள்ளை எட்டு முடிந்து சிவப்பும் முடிந்தபோது அவள் மூச்சு சீராகியிருந்தது. பழத்தைத் தட்டின் நடுவில் நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் போனேன்.

நான் கூடத்துக்குப் போன பின்னால்தான் மக்சிக் அந்த அறைக்குள் வந்திருக்கிறார். அக்கா கண்ணாடி முன் திரும்பி நின்று பூவைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறாள். வெற்றிலை, பாக்கு, நடுவே வெள்ளையும் சிவப்புமாகப் பொட்டிட்ட அன்னாசி. ஒரு தமிழ் வீட்டில், நல்ல நாளில், இவ்வளவு ஒழுங்காக வைத்த புள்ளிகளை அவர் வேறு என்னவாக நினைத்திருக்க முடியும்? தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, தலையைச் சற்றுக் குனிந்து, கோயிலில் பால்குடம் தூக்குகிறவரைப் போல வந்து, பினாங்குப் பெரியம்மாவின் மடிக்கு நேரே வைத்தார். என்னைக் கடந்து போகும்போது, "அடாட் பகுஸ்!" என்று கிசுகிசுத்தார். உங்கள் வழக்கம் நன்றாக இருக்கிறது என்று பொருள்.

"இது என்ன?" என்றார் பெரியம்மா.

"பழம்" என்றார் அப்பா.

"பழம்னு எனக்கும் தெரியுது. பழத்துக்கு யாரு பொட்டு வச்சது?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். பெரியம்மா தட்டிலிருந்து இரண்டு முழம் பின்னால் நகர்ந்திருந்தார். "சுண்ணாம்பு, குங்குமம், நடுவுல நிக்க வச்ச பழம். வெளியூர்க்காரங்க, வெவரம் தெரியாதுன்னு நெனச்சீங்களா? வர்றவங்களுக்கெல்லாம் மருந்து வைக்கிறதுதான் உங்க மலாக்கா பழக்கமா? தம்பி, எந்திரிடா. அதத் தொடாத. காப்பி குடிச்சியா?"

"பாதி குடிச்சேன் பெரியம்மா" என்றார் அந்தப் பினாங்குக்காரர்.

"ஐயோ, துப்புடா!"

"குடிச்சத எப்படிப் பெரியம்மா துப்புறது?"

வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை. மருந்து வைத்த வீடு என்ற பேச்சு வாசலைத் தாண்டினால் போதும். சாயங்காலம் விளக்கேற்றுவதற்குள் கோயில் வரை போய்விடும். பிறகு அக்காவைப் பார்க்க இந்தத் தெருவுக்குள் ஒருவரும் வரமாட்டார்கள். நான் வழக்கம்போல் முந்திக்கொண்டேன். "மருந்து இல்ல பெரியம்மா, அது கணக்கு!" என்று கத்தினேன். "கணக்குக்கு எதுக்குடா குங்குமம்?" என்றார் அவர். நான் மாத இதழையும், வலப்பக்கத்தையும், இடப்பக்கத்தையும், மங்குஸ்தானையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கேட்கக் கேட்க அவர் முகத்தில் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. மக்சிக் கதவோரம் நின்று, எந்த முறையில் தவறினோம் என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். வெளியே கார்க்காரர் ஹார்ன் அடித்தார்.

அப்போது அக்கா வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. காப்பித் தட்டு இல்லை, குனிந்த தலை இல்லை. சுண்டுவிரல் நுனியில் சுண்ணாம்பு இன்னும் ஒட்டியிருந்தது. நேரே வந்து பாயில் பெரியம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நான்தான் வச்சேன். அவங்களத் திட்டாதீங்க, அவங்களுக்குத் தெரியாது" என்று மக்சிக்கைக் காட்டினாள். "இந்தப் பக்கமா எட்டு வரிச ஏறுது பெரியம்மா. அந்தப் பக்கமா பதிமூணு. புள்ளி வைக்காட்டி எண்ணும்போது வழி தப்பிடும். அவ்வளவுதான்."

"எல்லாப் பழத்துலயுமா?"

"நாங்க பாத்த பழத்துலயெல்லாம்."

பெரியம்மா லேசுப்பட்டவர் இல்லை. தாங்கள் கொண்டுவந்த தட்டிலிருந்து ஓர் அன்னாசியைக் கொண்டையைப் பிடித்துத் தூக்கினார். "இது எங்க பழம். உங்க கை படாதது. இதுல எண்ணு. எட்டு வந்தா நீ சொல்றது நெசம். வராட்டி நாங்க கெளம்புறோம்."

அக்கா சுண்ணாம்பைத் தொட்டாள். வலப்பக்கம் ஏறும் வரிசையில் முதல் புள்ளி. நான் வாய்க்குள் எண்ணினேன். கூடத்தில் எல்லோரும் வாய்க்குள் எண்ணினார்கள் என்று நினைக்கிறேன். எட்டாவது புள்ளி விழுந்தது. பழத்தைத் திருப்பினால், முதல் புள்ளி இன்னும் வரவில்லை. ஒன்பது. பத்து. என் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. இதழ் பொய்யா, நாங்கள் பொய்யா, இத்தனை நாள் எண்ணியதெல்லாம் ஏதோ ஒரு தோட்டத்துப் பழத்தின் கோணல் புத்தி மட்டும்தானா? பதிமூன்றாவது புள்ளிக்குப் பக்கத்தில் முதல் புள்ளி வந்து நின்றது.

"பதிமூணு" என்றார் பெரியம்மா. "எட்டுன்ன!"

அக்கா பழத்தை மடியில் வைத்து அப்படியே பார்த்தாள். அவள் அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். பிறகு குங்குமத்தைத் தொட்டு, இடப்பக்கம் ஏறும் வரிசைகளில் வைக்கத் தொடங்கினாள். எட்டில் முடிந்தது. பொட்டிட்ட இரண்டு பழங்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். ஒன்றில் எட்டு வலமாக ஏறியது, மற்றதில் இடமாக. அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றுக்கொன்று எதிராகப் பிடித்துக் காட்டினாள்.

"வலது கை, இடது கை மாதிரி பெரியம்மா. உங்க பழம் இடது கை." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் அதுவரை பார்த்ததெல்லாம் ஒரே கைப் பழங்கள். இப்படி ஒன்று இருக்கும் என்று அவளுக்கே அப்போதுதான் தெரியும். நெற்றி வியர்த்திருக்க, கண் பளபளக்க, எந்த இடத்தில் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்து அவள் சிரித்தாள்.

பெரியம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நமக்கு எட்டு ஆகாது. வெள்ளக்காரனுக்குப் பதிமூணு ஆகாது. ரெண்டையும் ஒரே பழத்துலயா வச்சாரு கடவுள்?"

"வச்சிருக்காரே. இனிப்பாவும் வச்சிருக்காரு."

அப்பாவின் பக்கமிருந்து ஒரு கனைப்பு வந்தது. சிரிப்பை விழுங்கிய சத்தம். பெரியம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "சரி. மருந்து இல்ல. ஒத்துக்கறேன், வெளியில போய் அப்படிச் சொல்லவும் மாட்டேன். ஆனா பொண்ணு பாக்க வந்த எடத்துல ஒரு பாட்டு இல்ல, ஒரு நமஸ்காரம் இல்ல, எதுத்தாப்புல உக்காந்து பந்தயம் கட்டுறா. இது எங்க வீட்டுக்குச் சரிப்பட்டு வராது. தம்பி, வா. ரயிலுக்கு நேரமாச்சு."

ஹார்ன் மறுபடியும் ஒலித்தது. அம்மா சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவர் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அக்கா சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் குனிந்து, புடவை நுனியால் விரலைத் துடைத்துக்கொண்டாள். பேர் கெடவில்லை, அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதவில்லை. மலை, வேறு செடி, வேறு பூ எல்லாம் வாசலில் நின்ற காரில் ஏறிக்கொண்டிருந்தன.

பெரியம்மா எழுந்துவிட்டார். பினாங்குக்காரர் எழவில்லை. அவர் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் தந்திக் கருவியின் முன் உட்கார்ந்து, தட்டும் சத்தத்தை எழுத்தாகப் பிரித்துக் கேட்கிறவர். அவர் பார்வைக்கும் அந்தப் பழக்கம் உண்டு போலும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், பிறகு மறுபக்கமாக. பிறகு அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார். அக்காவிடம் நேராகப் பேசினார்.

"நீங்க எண்ணாத வரிச ஒண்ணு இருக்கு."

அக்கா நிமிர்ந்தாள். "எங்க?"

"இது ரெண்டும் சாஞ்சு ஏறுது. இங்க பாருங்க, கிட்டத்தட்ட நேரா மேல போகுது. இந்தக் கண்ணு, அதுக்கு மேல இது, அப்புறம் இது."

இத்தனை பழங்களை உருட்டியிருக்கிறோம். அந்த வரிசை எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. அவர் விரல் போன வழியில் பார்த்ததும் பழமே வேறு பழமாகிவிட்டது. சாய்ந்து ஏறிய கண்களெல்லாம் திடீரென்று நிமிர்ந்து நின்றன. அக்கா முழங்காலில் எழுந்து, குனிந்து பார்த்தாள். "ஆமா" என்றாள் மெதுவாக. "அதுல எத்தன?"

அவர் எண்ணத் தொடங்கினார். பாதி சுற்றுவதற்குள் விரல் வழுக்கி வரிசை மாறிவிட்டது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் தப்பியது. அக்கா சுண்ணாம்புச் சிமிழைப் பாயின் மேல் அவர் பக்கமாக நகர்த்தினாள். "புள்ளி வைங்க. இல்லன்னா வழி தெரியாமப் போயிரும்."

"தம்பி, அந்தச் சுண்ணாம்பத் தொடாத" என்றார் பெரியம்மா. அவர் தொட்டுவிட்டார். வெள்ளைச் சட்டையின் கைநுனியிலும் பட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

எனக்கோ மண்டைக்குள் ஏதோ கிளிக் என்றது. மூன்றும் ஐந்தும் எட்டு. ஐந்தும் எட்டும் பதிமூன்று. அப்படியானால் எட்டும் பதிமூன்றும்? விடை நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. எதையும் அடக்கி வைத்திராத வாய் என்னுடையது. அங்கே பாயில் இரண்டு தலைகள் ஒரு பழத்தின் மேல் குனிந்திருந்தன. அவர் புள்ளி வைக்க, அக்கா பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொடுத்தாள், அவசரமில்லாமல். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"தம்பி, கார் நிக்குது. ரயில் போயிரும்டா" என்றார் பெரியம்மா. குரலில் கோபத்தைவிடக் குழப்பம்தான் இருந்தது.

"இருங்க பெரியம்மா" என்றார் அவர், தலை நிமிராமல். "இன்னும் முடியல."

அம்மா அதைக் கேட்டார். உள்ளே திரும்பி, அடுப்பில் மறுபடியும் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.